சிவப்பு நூல் கட்டிய சுருள்

ஆவணி பத்தொன்பது, வியாழக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. மேசையில் இருநூற்று நாற்பது காந்தச் சுருள்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. சூட்டில் காய்ந்து இறங்கிய வார்னிஷ் வாடை கடை முழுக்க நிற்கிறது. உன் சட்டையின் வாடை. அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் கடிதமெல்லாம் எனக்கு வராது, உனக்கே தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் நான் இந்த ஊரில் பெரிய ஆள். டிப்ளமோ முடித்த கையோடு, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரே தெருவில் ஏழு தறிகளின் மேல் வெளிநாட்டு எலக்ட்ரானிக் ஜக்கார்டுப் பெட்டி ஏற்றியிருந்தேன். புடவையில் மயிலும் யாளியும் விழ எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை, துளை போட்ட அட்டைகளுக்குப் பதில் அந்தப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். இழையைத் தூக்குவது உள்ளே இருக்கும் காந்தச் சுருள்கள். ஆறே மாதத்தில் அவை கருக ஆரம்பித்தன. மாற்றுச் சுருள் ஏதோ துறைமுகத்தில் கிடந்தது. கம்பெனிக்கு எழுதினால் ஒற்றை வரி பதில்: தவறான பயன்பாடு.

தணிகாசலம் அண்ணன் தறியில் முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள்.

"அட்டையிலேயே நல்லாத்தான பா ஓடிக்கினு இருந்துது? நீதான வந்து ஏத்துன? பொண்ணு ஊட்டுக்கு நான் இன்னா சொல்லட்டும்?"

கருகிய சுருள் ஒன்றைக் கழற்றிக்கொண்டு உன்னிடம் வந்தேன். ஒன்பதாவது வரை என் பெஞ்சில் இருந்தவன், திருப்புட்குழியில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிறவன். அதை மூக்கில் வைத்துப் பார்த்தாய்.

"கரண்டு விடாம நின்னு வெந்துபோயிருக்குது மச்சான்."

கம்பெனி கொடுத்த டேட்டாஷீட்டை நீட்டினேன். நீ கையில் வாங்கவேயில்லை. மறுநாள் அண்ணன் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது தறியின் பக்கத்தில் போய் அரை நாள் சும்மா உட்கார்ந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அண்ணன் உடலுக்கு, குறுக்கிழையைச் சுமந்து ஓடும் நாடாவை விடுவார். எதிர்ப்பக்கம் அவர் மனைவி சரோஜா அக்கா கரைக்கு நாடா விட்டுக் கோத்துக் கொடுக்க வேண்டும். அதுவரை, தூக்கிய இழை இறங்காமலிருக்க, அண்ணனின் கால் மிதியை விட்டு எழாது.

"எம்மா நேரம்ணே மிதிச்சிக்கினே இருப்பீங்க?" என்றாய்.

"உங்க அக்கா நாடாவ அனுப்புற வரைக்கும் பா. ஊர்க்கதை முடிஞ்சாதான் அனுப்புவா."

"ஆமா, இவுரு டீக்கடைக்குப் போனா ஒடனே வந்துடுவாரு!" என்றார் அக்கா. நாடா அப்போதும் அவர் கையில்தான் இருந்தது.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அவ்வளவுதான்.

அது விசைத்தறிக்குச் செய்த பெட்டி. விசைத்தறி யாருக்காகவும் நிற்காது. இங்கே கால் காத்திருக்கும், காத்திருக்கும் நேரமெல்லாம் சுருளில் மின்சாரம் ஓடும். கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தவனுக்கு இது தெரியாது, சரி. தினம் அந்தத் தெருவில் நடந்த எனக்கும் தெரியவில்லை.

தூக்கியதும் மின்சாரத்தைக் குறைக்கும் சர்க்யூட்டை நான் போட்டேன். சூடு தாங்கும் சுருளை நீ சுற்றினாய். செவிலிமேட்டு லேத்தில் சுருளுக்குள் போகும் இரும்புத் தண்டு கடைந்தோம். முதல் எட்டும் வெந்தன. ஒன்பதாவது சூட்டைத் தாங்கியது; அதேபோல் மற்றவற்றையும் சுற்றினாய். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் அண்ணன் புடவையைத் தறியிலிருந்து அறுத்தார்.

நீ சுற்றிய ஒவ்வொரு சுருளிலும் தறியில் விழுந்த கழிவுப் பட்டில் ஒரு சிவப்பு இழையைக் கட்டினாய். அசிங்கமாக இருக்கிறது என்று பிய்த்துப் போட்டேன். மறுபடி கட்டினாய். "ரிப்பேராகி வந்தா யாரு சுத்துனதுன்னு தெரியணும் இல்ல? திட்டுறதுக்கு ஒரு ஆளு பக்கத்துல இருக்கணும் மச்சான். அந்தக் கம்பெனிக்காரன எங்க போயி திட்டுவ?"

போன மார்கழியில் காய்ச்சல் என்று படுத்தாய். ஒரு வாரம்கூட ஆகவில்லை, போய்விட்டாய்.

இன்றைக்குப் போகும் சுருள்கள் ஆரணிக்கு. தர்மாவரத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். செம்புக்கம்பி வெளியிலிருந்துதான் வருகிறது, அதை மறைக்க மாட்டேன். மற்றதெல்லாம் நம் ஊர்க் கை. உன் மனைவிதான் சுற்றுகிறார். கம்பி இழுப்பில் உன்னைவிடச் சீர். கோபித்துக்கொள்ளாதே. அந்தத் தெருவில் ஏழு தறியும் ஓடுகின்றன. கடையில் உட்கார்ந்தால் சத்தம் கேட்கிறது. யாராவது வந்தால் அந்தச் சத்தத்தைத்தான் முதலில் கேட்க வைக்கிறேன்.

நூல் இல்லாத அந்த ஒன்று நான் சுற்றியது. என் கையால் முதல் சுருள். எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது. ஆனாலும் கட்டக் கை வரவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. பன்னிரண்டு மணிக்குள் ஆரணி பார்சலை ஏற்றுவது.
2. தர்மாவரத்துக்கு ஒரு சுருள் செய்வதற்கு முன்னால் அங்கே போய்த் தறிப்பக்கம் அரை நாள் உட்காருவது. டேட்டாஷீட் இல்லாமல். வாயை மூடிக்கொண்டு.
3. பார்சல் பெட்டியின் மேல் என் பெயரையும் தெருவையும் பெரிதாக எழுதுவது. திட்ட வேண்டுமென்றால் நேரே வரட்டும்.
4. அதற்கெல்லாம் முன்னால், இப்போதே, என் சுருளுக்குச் சிவப்பு நூல் கட்டுவது.