கண்ணுக்குத் தெரியாத வீடு

அன்பு மகளுக்கு,

நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம்தான், கண்டுபிடிக்க முடிந்தவர்களுக்கு. நீ வரைந்து கட்டிக்கொடுத்த வீட்டைப் படம் போட்ட பத்திரிகை வந்தது, மலைச்சரிவோடு இரண்டறக் கலந்த வீடு என்று எழுதியிருக்கிறார்கள். வாஸ்தவம். கூரையில் நீ வளர்த்த புல்லை மேய வரும் ஆடுகளுக்குக்கூட அது வீடென்று தெரியவில்லை, போன வாரம் ஒன்று குளியலறைக்கு மேலே நீ வைத்த கண்ணாடி வழியாக என்னை எட்டிப் பார்த்துவிட்டு, அலட்டிக்கொள்ளாமல் மேயப் போய்விட்டது. கூடத்தின் நடுவே நீ உடைக்காமல் விட்ட பாறை சௌக்கியம், என் கால் கட்டைவிரல்தான் சௌக்கியமில்லை.

உன்னிடம் வாய் திறக்கக்கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் டிரைவர் கீழே சாலையில் போவதும் வருவதுமாக, வீட்டுக்கு என்னம்மா அடையாளம்னு போனில் கத்துகிறார். நான் பதில் சொல்வதற்குள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த உன் அப்பா போனைப் பிடுங்கி, வெளியிலேர்ந்து பாத்தா தெரியாதுங்க, அதுதான் இந்த வீட்டோட விசேஷமே, எம் பொண்ணு கட்டினதுன்னு பெருமையடிக்கிறார்! நான் சிவப்புப் போர்வையோடு கூரையேறி ஆடுகளுக்கு நடுவில் நின்று வீசினேன். வந்து சேர்ந்த டிரைவர், இதையா வீடுங்கறீங்க, எத்தனை தடவை தாண்டிப் போனோம்னு தலையில் அடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். இப்போது பயமில்லை, படுத்தபடியே என்னை அதட்டும் அளவுக்குத் தேறிவிட்டார். நான்தான் ராத்திரியில் எழுந்து எழுந்து அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறேன்.

முன்சுவருக்குப் பளிச்சென்று மஞ்சள் அடிக்கப் பெயின்டரை வரவழைத்தேன். உன் அப்பா, கல்லோட நிறம் மாறக்கூடாதுன்னு பொண்ணு சொல்லியிருக்கான்னு அவரை விரட்டிவிட்டார். நான் சொன்னால் காதில் ஏறாது, நீ ஒரு வார்த்தை சொன்னால் மறுபேச்சு கிடையாது. உன் மலைக்கு அழகு குறையும் என்று தெரியும். குறையட்டும். மலை எங்கேயும் போய்விடாது, இவர் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

வேளைக்குச் சாப்பிடு, இன்னும் பெரிய பெயர் எடு, நன்றாக இரு. இதைப் படித்ததும் அப்பாவுக்குப் போன் செய். நெஞ்சுவலி பற்றித் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. யோசித்துப் பார்த்தேன் அப்பா, அந்தச் சுவருக்கு மஞ்சள்தான் பொருத்தம் என்று நீயாகவே சொல்.

இப்படிக்கு,
பாறைக்குள்ளிருந்து,
உன் அம்மா