என் மூன்று செடியும் உன் ‘இன்னும் ஒரு வாரமும்’

மோசல் ஆற்றங்கரை, வீட்டிலிருந்து
அக்டோபர் 19, ஞாயிறு

அன்புள்ள ஆல்வினுக்கு,

அன்புள்ள என்று எழுதியது பழக்கதோஷம். முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான் எழுதி வருகிறேன், கை தானாகப் போய்விட்டது. அடித்துவிட்டு வேறு எழுதலாமென்றால் நல்ல தாள் இது ஒன்றுதான் மிச்சம். இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் புது இடுப்பு எப்படி இருக்கிறது? ஆபரேஷன் வலி குறைந்திருக்கும், அந்தத் தீவுச் சிகிச்சை இல்லத்தின் கடல் காற்று ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்து வைக்கிறாய். கடிதத்தில் உன்னால் நடுவில் புக முடியாது. நடைப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் கால்மணி கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைசி வரை படி.

முதலில் செய்தி. என் கஞ்சாச் செடி மூன்றில் இரண்டு போய்விட்டது. வேலியோரம் என் தோள் உயரத்துக்கு நின்ற அந்த இரண்டும் உள்ளே அழுகி, நேற்றுக் காலை குப்பைத் தொட்டிக்குப் போயின. உருளைக்கிழங்குத் தோலுக்கும் காப்பிச் சக்கைக்கும் மேலே கிடக்கின்றன. கெட்ட இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு நல்லதை எடுத்து வைத்தாயா என்று கேட்காதே. பூசணம் பிடித்ததை மூச்சில் இழுக்க எனக்கென்ன பைத்தியமா?

இந்நேரம் நீ, நான்தான் அப்பவே சொன்னேனே என்று வாயைத் திறந்திருப்பாய். ஆமாம், சொன்னாய். நீ சொன்னதைக் கேட்டதால்தான் அழுகியது.

செடி யாருடையது என்பதை ஒரு தடவை ஞாபகப்படுத்துகிறேன், உனக்கு மறந்துபோயிருக்கிறது. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த நரம்பு நோய் எனக்கு. படுத்தால் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகி இழுத்துக்கொள்வது என்னுடைய கால். கஞ்சா மருந்துக்குப் பணம் தர முடியாதென்று காப்பீட்டுக்காரர்கள் மூன்று தடவை கைவிரித்த பிறகு, வீட்டில் மூன்று செடி வளர்த்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறதே என்று விதை வரவழைத்தது நான். நீ சிரித்தாய். சமையலறை ஜன்னலில் நாற்று வைத்தபோது, மே மாதம் கடைசி உறைபனி விழும் பனிப் புனிதர் நாட்கள் தாண்டும்வரை வெளியே நடாதே என்றாய். அது சரியான பேச்சு, கேட்டுக்கொண்டேன். அதற்கப்புறம்தான் வினை. நம் திராட்சைச் சரிவைப் பக்கத்து வீட்டு ஹெரிபெர்ட்டுக்குக் குத்தகைக்கு விட்டதிலிருந்து அதிகாரம் பண்ண இடமில்லாமல் தவித்தாய். அது என் மூன்று செடியின் தலையில் வந்து விடிந்தது.

நான் புதிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வளர்க்கவில்லை. செப்டம்பர் கடைசியிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு, பனி ஈரம் காய்ந்ததும், முக்காலியைப் போட்டு உட்கார்ந்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பூவைப் பார்த்தேன். முதலில் வெள்ளை இழைகள் பழுப்பாகிச் சுருண்டன. புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்ததுமே கத்தரிக்கோலைத் தூக்கிவிடுவார்களாம். நான் தூக்கவில்லை. பூவின் மேல் சர்க்கரை தூவினாற்போல் இருக்கும் பிசின் மணிகளைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் ஒவ்வொன்றும் குண்டூசித் தலையாகத் தெரியும். தெளிவாக இருந்தால் பிஞ்சு. பாலாகக் கலங்கினால் பக்குவம். பத்துக்கு ஒன்றிரண்டு தேன் நிறத்துக்குத் திரும்பினால் அதற்கு மேல் நாள் கடத்தக் கூடாது. இதில் நானும் ஒரு தப்பு செய்தேன். முதல் வாரம், பூவுக்கு நடுவில் இருக்கிற குட்டி இலையைப் பார்த்துவிட்டு, ஆகா, தேன் நிறம் வந்துவிட்டது என்று குதித்தேன். இலை எப்போதும் முந்திக்கொள்ளும், பூவைத்தான் பார்க்க வேண்டும் என்று மறுநாள் புரிந்தது. தப்பை நானே கண்டுபிடித்து நானே திருத்திக்கொண்டேன். அப்படியும் மனிதர்களால் முடியும், ஆல்வின்.

ஆறாம் தேதி திங்கட்கிழமை பூ தயார். மூன்று செடியிலும் மேல் கிளைகள் பால் நிறம், அங்கங்கே தேன். வியாழக்கிழமையிலிருந்து மழை என்று வானொலியில் சொன்னார்கள். கத்தரிக்கோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து வைத்துவிட்டு, மரியாதைக்கு உனக்கு ஒரு வார்த்தை சொல்லலாமே என்று போன் பண்ணினேன். அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

“இன்னும் ஒரு வாரம் விடு லிண்டே. மழைக்குப் பயந்து பறிக்கிறவன் ஹெரிபெர்ட். நாம தீலன் குடும்பம், ஊரே பறிச்சு முடிச்சப்புறம்தான் கத்தரிய எடுப்போம்” என்றாய். கண்ணாடியில் பால் நிறம் தெரிகிறதே என்றேன். “கண்ணாடிக்கு என்ன தெரியும்? நாப்பது வருஷமா நான் நாக்குல வச்சுப் பாத்து நாள் குறிக்கிறவன்” என்றாய். அந்தத் தீவிலிருந்து இங்கே வேலி வரைக்கும் உன் நாக்கு எப்படி நீண்டதென்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கத்தரிக்கோலை உள்ளே வைத்தேன்.

மழை மூன்று நாள். அது விட்டதும் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி, மதியம் வரை விலகவில்லை. பதின்மூன்றாம் தேதி, வேலியோரச் செடியின் உச்சிப் பூவில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதோ. பதறிப்போய்க் கூப்பிட்டேன். நீ என்ன செய்தாய்? கைதட்டினாய். “சாம்பலா? பஞ்சாட்டமா? அடி அதிர்ஷ்டக்காரி! அது அழுகல் இல்லடி, வரம்! தொடாத, அப்படியே விடு!” என்று கத்தினாய். சாப்பாட்டு மேசையில் உன்னோடு இருந்த அத்தனை இடுப்புக்காரர்களுக்கும் சொன்னாய், அவர்களும் தட்டினார்கள், எனக்குக் கேட்டது.

பூசணத்தைப் பார்த்துக் கைதட்டுகிற ஜனம் உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா? திராட்சையில் அது வந்தால் தண்ணீரை உறிஞ்சிவிட்டுச் சர்க்கரையை மிச்சம் வைக்கும், சரி. அந்தக் குட்டிப் பாட்டில் ஒயினுக்கு உனக்கு இரண்டு தடவை பதக்கம் கொடுத்தார்கள், அதுவும் சரி. ஆனால் இது திராட்சை இல்லை. எனக்கு அது உறைத்தது. இருந்தும் நம்பினேன். பழம் பழுக்கிற விஷயத்தில் நீ பேசி நான் ஒரு தடவைகூடத் தப்பு கண்டதில்லை, அதனால் நம்பினேன். நான்கு நாள் தொடவில்லை.

பதினேழாம் தேதி மதியம் உச்சிப் பூவை விரலால் பிரித்தேன். வெளியே பச்சை, உள்ளே மக்கிய பழுப்பு. தொட்டதும் புகை மாதிரித் தூசி எழும்பியது. தண்டு கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. அடுத்த பூ, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. நான் அழவில்லை. உன் பெயரைச் சொல்லித் திட்டினேன், ஊர் அமைதியாக இருக்க வேண்டிய மதிய நேரத்தில், தேவாலயம் வரைக்கும் கேட்கிற மாதிரி.

ஹெரிபெர்ட் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து, “கெர்லிண்டே, ஒண்ணுலேர்ந்து மூணு மணி வரைக்கும் திட்டக்கூடாது, சட்டம் தெரியுமில்ல?” என்று சிரித்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. “அதே பூசணம்தான். திராட்சைக்குத் தோல் இருக்கு, தாங்கும். இது வெறும் பூவாச்சே. பத்து நாளைக்கு முன்னாடியே வெட்டியிருக்கணும்” என்றார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவர் மேலும் பாய்ந்தேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “ஆல்வின் தோட்டத்துல எப்பப் பறிக்கணும்னு நான் சொல்றதா? எனக்கு இந்த ஊர்ல குடியிருக்க வேண்டாமா?” என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, உன் முன்னால் வாயை மூடிக்கொண்டிருப்பது நான் மட்டுமில்லை.

இப்போது நீ, ரெண்டு செடிதானே, அடுத்த வருஷம் போட்டுக்கலாம் என்று நினைப்பாய். என் கோபம் செடி மேல் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பக்கத்துக் கண் மங்குகிறது என்றேன். அறுவடை முடியட்டும் என்றாய். பாதம் மரத்துப்போகிறது என்றேன். செருப்பு சரியில்லை, குளிர் போகட்டும் பார்க்கலாம் என்றாய். நிலவறைப் படியில் விழுந்தேன். ஈஸ்டர் முடியட்டும் என்றாய். நான் பொறுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் டாக்டரிடம் போனபோது, ஏன் இவ்வளவு நாள் கழித்து வந்தீர்கள் என்று அவர் என்னைத்தான் கேட்டார், உன்னையில்லை. அறுவடை முடியட்டும் என்று காத்திருந்தோம் என்று நான் பல்லை இளித்தேன். அந்த இளிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. உனக்கு அக்கறை இல்லை என்று சொல்லவரவில்லை. என் உடம்பைப் பற்றி என்னைவிட உனக்கு அதிகம் தெரியும் என்று நினைக்கிறாய் பார், அதைத்தான் என்னால் இனிமேல் பொறுக்க முடியாது.

மூன்றாவது செடி பிழைத்தது. கொட்டகை இறவாணத்துக்குக் கீழே நின்றதால் மழை படவில்லை. நேற்றே வெட்டிவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை. தேன் நிறம் கொஞ்சம் கூடிவிட்டது, ஆனாலும் தூங்க உதவும் என்று படித்தேன். கீழ்க் கிளைகள் இன்னும் பால் வராமல் இருந்தன, அவற்றை மட்டும் விட்டுவைத்துக் காலையும் மாலையும் பிரித்துப் பார்க்கிறேன். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் கத்தரி, ஒரு கிளைக்கு ஒரு ஓய்வு என்று நாள் பூராவும் ஆனது. உன் பதக்க அறையில்தான் கொடி கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறேன், வீட்டில் இருட்டும் காற்றும் சேர்ந்து இருப்பது அங்கேதான். வீடே நாறுகிறது. காய்ந்தால் நாற்பது கிராம் தேறலாம். ஐம்பதுக்கு மேல் வீட்டில் வைக்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை மீறவிடாமல் என்னைக் காப்பாற்றினாய், அதற்கு நன்றி.

மற்றபடி, கூரையில் நழுவிய ஓட்டை ஹெரிபெர்ட் மாற்றிவிட்டார். மேல் சரிவுத் திராட்சையை எப்போது பறிக்கலாம் என்று உன்னிடம் கேட்கச் சொன்னார், போன் பண்ணி அவருக்குச் சொல். அந்த விஷயத்தில் உன் நாக்குக்கு மிஞ்சி இந்தக் கரையில் ஆளில்லை. கோபத்தில் அதை இல்லையென்று சொன்னால் நான் பொய்க்காரி.

கடைசியாக ஒன்று. பெரியாஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. மருந்தை ரத்தத்தில் ஏற்றுகிற அந்தப் புதுச் சிகிச்சையை நவம்பர் நான்காம் தேதி தொடங்கலாம் என்கிறார்கள். ஆகஸ்டில் இதைப் பேசியபோது, புது வருஷம் பிறக்கட்டும் என்று நீ சொன்னாய். நான் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, காத்திருந்தால் என்ன ஆகும் என்று நேரடியாகக் கேட்டேன். “திருமதி தீலன், இந்த மருந்து இருக்கிறதக் காப்பாத்தப் பாக்கும். போன நடையத் திருப்பித் தராது. நீங்க தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசமும் எனக்குப் பயமா இருக்கு” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட்டு அனுப்பியும் ஆயிற்று. உன்னைக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

நீயோ அங்கே தங்குவதை ஐந்தாம் தேதி வரைக்கும் நீட்டித்துக்கொண்டேன் என்று, அந்தப் பூசணத்துக்கும் மதியச் சூப்புக்கும் நடுவில், போகிறபோக்கில் சொன்னாய். அங்கேயுள்ள டாக்டரிடம் நானே பேசினேன். இரண்டு நாள் முன்னால் கிளம்பினால் இடுப்பு கழன்று விழாதாம். நீ கார் ஓட்ட வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போக டாக்சி சொல்லியிருக்கிறேன். மருந்து ஏறுகிற ஆறு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், பேசக்கூட வேண்டாம். ஹெரிபெர்ட் தானே கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம், ஆல்வின் வந்துவிடுவான் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

படியில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள். ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்க்காதே. ஒரு குறையும் இல்லாமல் நடந்து வீடு வந்து சேர்.

நான்காம் தேதி காலை வாசலிலிருந்து டாக்சிக்கு என் காலாலேயே நடந்துபோய் ஏற வேண்டும் என்றிருக்கிறேன். பதினோரு அடி. இன்றைக்கு நடந்து பார்த்தேன், முடிகிறது. முடிகிறபோதே வந்துவிடு, ஆல்வின்.

கோபம் ஆறாமலே உன்னை எதிர்பார்க்கும்,
கெர்லிண்டே