வலமாகச் சுற்றிய மலை

ஓகஸ்ட் 3, ஞாயிறு

ரொறன்ரோ. புழுக்கம். மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

காலையில் மில்லிக்கனிலிருந்து பஸ், பிறகு சப்வே, சென் ஜேம்ஸ் ரவுண். மணியக்கா இருக்கிற கட்டடத்தில் பத்தொன்பது மாடி. படியால் இரண்டு தரம் ஏறி இறங்கினேன். முதுகில் மகள் துஷாவின் பழைய பள்ளிக்கூடப் பை. உள்ளே பத்து இறாத்தல் அரிசி.

மணியக்கா கதவைத் திறந்தா. "லிஃப்ட் வேலை செய்யுதடி. உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

"மலைக்குப் பழகிறன் அக்கா."

"உன்ர மனுசன் செத்து எட்டு மாசம். வருசம் முடிஞ்சு ஆட்டைத் திவசம் செய்ய முன்னம் மலை ஏறக்கூடாதெல்லே?"

"அது கோயில் இருக்கிற மலை. உதிலை தேத்தண்ணிக் கடைதான் இருக்கு."

சிரித்துப்போட்டு மோர் தந்தா.

வலது முழங்கால் நோ. இடது பரவாயில்லை.

ஓகஸ்ட் 6, புதன்

வெயில். லீவு கிடைத்தது. பேக்கரியில் இருபத்திரண்டு வருடம் நின்றபடி பாண் அடுக்கிய கால். சுப்பர்வைசருக்கு "மௌன்ரன்" என்றேன். என் காலைத்தான் பார்த்தான்.

மூன்று வருடத்துக்கு முன் இவரும் மகள் து.வும் இதே மலைக்கு, தேத்தண்ணி விற்கிற குடிலுக்குப் போனார்கள். "உமக்கு முழங்கால் ஏலாது, உதிலையே இரும்" என்றார். இருந்தேன். ஒன்பது மணித்தியாலம், காருக்குள், சோற்றுப் பார்சலைப் பார்த்துக்கொண்டு. திரும்பி வந்தவர்கள் கல்கரி எயார்போர்ட் வரைக்கும் அதே கதை. குடிலில் குடித்த தேத்தண்ணி, ஏரி, பனி. நானும் சிரித்துக்கொண்டு கேட்டேன்.

கோபம். ஒருநாளும் சொல்லவில்லை. பிறகு ஆஸ்பத்திரி. அங்கே வைத்து அதைச் சொல்வதா? பிறகு ஆளே இல்லை.

போக வேண்டும். குடில் மட்டும் போதாது. முழுச் சுற்றும்.

ஓகஸ்ட் 9, சனி

கல்கரி வந்து, அங்கிருந்து கார். து. ஓட்டினாள். மோட்டலில் குளிர், ஓகஸ்டிலும் கம்பளி.

நாளைக்குப் பை: புட்டு, முட்டைப் பொரியல், பேரீச்சம்பழம், தண்ணீர் 3, மழைச் சட்டை, முழங்கால் பட்டி, நோவுக்குப் பூசச் சித்தாலேப. மாசிக் கருவாட்டுச் சம்பலை து. வெளியே எடுத்துவிட்டாள்.

"அம்மா, கரடிக்கு ஒரு மைல் தூரத்திலயே ஸ்மெல் வரும்."

"வந்தா அதுக்கும் ஒரு கரண்டி வைப்பம்."

"நோ, அம்மா."

சம்பலை மோட்டல் பிரிட்ஜில் வைத்தேன். நித்திரை வரவில்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

மோட்டல் கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன். களைப்புத்தான்.

காலை 7.20. மூச்சு விட்டால் புகை. அடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. எல்லோரும் வலது பாதையால். நான் இடது பாதையில் கால் வைத்தேன்.

"அம்மா, ஆப்ல ரைட்டால போ எண்டுதான் போட்டிருக்கு. லெஃப்ட் சரியான ஸ்டீப்."

"ரைட்டால போனா மலை இடக்கைப் பக்கம் வரும். இடமாச் சுத்த ஏலாது."

"இது கோயில் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. மார்கழியில் து.தான் கொள்ளிக்குடம் தூக்கினாள். ஐயர் இடமாகச் சுற்றச் சொன்னார். அதைத்தான் அப்போது அவளுக்குச் சொன்னேன்: "அப்பாவை மூண்டு தரம் இடமாச் சுத்தினனி. காணும் பிள்ளை. இனி நீ ஒண்டையும் அப்பிடிச் சுத்த வேண்டாம்."

து. போனைப் பைக்குள் வைத்தாள். இடது பாதையில் எனக்கு முன்னால் போனாள்.

சரியான ஏற்றம். உதிர்கிற கல். இரண்டு இடத்தில் கையும் ஊன்றி ஏறினேன். குடிலில் இரவு தங்கினவர்கள் எதிரே இறங்கி வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவி தடியை ஊன்றி நின்று எனக்கு ஏதோ சொன்னா. "கஷ்டமான பக்கத்தால ஏறுறீங்களாம்" என்றாள் து. கிழவிக்குத் தலையாட்டினேன். தெரியும்.

11.30க்குக் குடில் என்று கணக்கு. போய்ச் சேர 1.40. கறுத்த மரத்தில் கட்டின சின்ன வீடு. வெளியே இருக்க ஒரு மர வாங்கு. தேத்தண்ணி குடித்தேன், சாயம் காணாது. கீழே ஏரி. இவர் பச்சை என்றவர். பச்சை இல்லை. நீலம் போட்டு உடுப்பு அலசின தண்ணி மாதிரி. அதைச் சொல்லச் சட்டென்று பக்கத்தில் திரும்பினேன். து. புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடிவாரத்திலிருந்து கார் நிற்கிற இடத்துக்குக் கடைசி பஸ் 6 மணி. வந்த வழியால் இறங்கினால் ஆறு கிலோமீற்றர், முன்னுக்குப் போனால் பதினொன்று. து. வந்த வழியால் போவோம் என்றாள். நான் மாட்டேன் என்றேன். அந்தக் கல்லில் ஏறலாம், இறங்க என் முழங்கால் விடாது. அரைச் சுற்றில் திரும்பவும் மனமில்லை.

2.20க்கு வெளிக்கிட்டோம். சரிவு மெல்லியது, ஆனால் முடிகிற பாடில்லை. நாலு மணிபோல் து.வின் குதிக்கால் கொப்பளித்து உடைந்தது. சப்பாத்துக்குள் இரத்தம். கல்லில் குந்தியிருந்து அழுதாள். எட்டு மாதமாக என் முன்னால் அழாத பிள்ளை.

"அப்பா இருந்திருந்தா..."

"அப்பா இருந்திருந்தா நான் காருக்குள்ள இருந்திருப்பன். எழும்பு."

அழுதழுது சிரித்தாள். எனக்கும் சிரிப்பு. பிறகு எனக்கும் அழுகை. பிளாஸ்டர் ஒட்டி, என் கம்பளிக் காலுறையைப் போட்டுவிட்டேன். அவளுடைய பை முன்னுக்கு, என்னுடையது பின்னுக்கு. நான் முன்னால் நடந்தேன். அவள் என் பைப்பட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

5.50. பஸ் நின்றது. ஏறப் படி மூன்று. அதில்தான் கால் மறுத்தது. டிரைவர் கை தந்தான். வேண்டாம் என்று நானே ஏறினேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

ரொறன்ரோ. மழை. கட்டிலால் இறங்க ஏலாது, பக்கவாட்டில் உருண்டு இறங்குகிறேன். இரண்டு கால்விரல் நகம் கறுத்துவிட்டது. து. கேட்காமலே படம் எடுத்தாள்.

பத்து மணிக்கு மச்சாளின் போன், இவருடைய தமக்கை. மணியக்கா சொல்லியிருப்பா.

"வருசம் முடிய முன்னம் மலையோ?"

"ஓம் மச்சாள்."

"அந்தப் பிள்ளைக்கும் அறிவில்லை, உம்மையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள்."

"அவள் இழுக்கேல்லை. நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு முழுச் சுற்றுச் சுத்திக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

ஏசிப்போட்டு வைப்பா என்று நினைத்தேன். அவ கேட்டா:

"முழங்காலுக்கு என்ன பூசினீர்?"