அப்பாவின் கல்லறை திறக்கும் நாள்

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் லாலைனா வணங்கி எழுதுவது. மூட்டுவலி தேவலையா? இங்கே காட்டில் விடாத மழை; நான் சுகம்.

செவ்வாயன்று பயணிகளோடு மூடுபனியில் வழி தவறிவிட்டேன். முகாம் பக்கத்து மரங்களில் லெமூர்கள் கத்திய திசையைப் பிடித்து, இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம். "வழிகாட்டிக்கே வழிகாட்ட லெமூர் வேணுமாக்கும்" என்று கூட வேலைபார்க்கும் ஸாஃபி இன்னும் சிரிக்கிறான்.

அப்பாவின் கல்லறை திறக்கும் நாளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இனி ஏழு வருடம் கழித்துத்தான் மறுபடி திறப்பார்கள். அவருடைய எலும்புகளுக்குச் சுற்றும் புதுப் பட்டுத்துணியை என் பெயரிலும் போர்த்துங்கள். எலும்புகளைத் தோளில் ஏந்தி ஆடும்போது, கால்பக்கம் என் இடத்தில் தங்கை நிற்கட்டும். அவருடைய பழைய கம்பளிச்சட்டையை எனக்கு அனுப்புங்கள், இங்கே குளிர்.

கடிதம் கொண்டுவரும் ஊர் வண்டி கிளம்பப்போகிறது. நான் வரவில்லை என்று மட்டும் அப்பாவிடம் சொல்லாதீர்கள். கூட்டத்தில் எங்கேயோ நிற்கிறான் என்று சொல்லுங்கள்.

லாலைனா