மாதம் தாண்டிப் பிறந்த குட்டி

ஓசூர்
4.2.1983

தங்கை காத்தூனுக்கு ரோஷன் பீ ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்க இன்றைக்கு மனம் வரவில்லை.

ஜவளகிரியில் புல் நன்றாக இருக்கும் என்று, எங்கள் ஜட்கா குதிரை லால்பரியைச் சினையோடு உன்னிடம் விட்டேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு அனுப்புகிற மாதிரி, வாராவாரம் சந்தையில் நானே பொறுக்கிய கோஸ் இலையை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றினேன்.

குட்டியைப் பார்த்துவிட்டு வந்த என் மகன் நூருல்லா என்ன சொல்கிறான் தெரியுமா? ரோமம் பட்டு மாதிரியாம். முன்கால் வளைசலாம். கீழ்த்தாடை துருத்திக்கொண்டிருக்கிறதாம், நிற்கவே முடியவில்லையாம். அது குறைமாதக் குட்டியின் லட்சணம். குதிரைக்குச் சினை பதினோரு மாதம்; லால்பரிக்கோ அதுவும் தாண்டிவிட்டது. நான் அஞ்சாவதுதான் படித்தேன். பேரன் பேத்தி எடுத்தவளுக்கு மாதக் கணக்கு தெரியாதா? என் குட்டியை யாருக்குக் கொடுத்தாய்? யார் வீட்டுக் குட்டியைப் படுக்க வைத்திருக்கிறாய்? குதிரைப் பண்ணை வெங்கடசாமியோடு உன் வீட்டுக்காரர் டீ குடித்ததும் என் காதுக்கு வந்தது.

ரோஷன் பீ

ஜவளகிரி
9.2.1983

அக்காவுக்கு ஸலாம்.

குட்டி நேற்று செத்துப்போய்விட்டது. பிறந்த அன்றே வந்து பார் என்று சொல்லியனுப்பினேன், நீ வரவில்லை.

டீ குடித்தது நிஜம். வெங்கடசாமியின் ஜீப்பில்தான் மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிவந்தோம். அவர் குட்டியின் கழுத்தைத் தடவிப் பார்த்து, "தைராய்டு சுரப்பு பத்தலம்மா. வயித்துல இருக்கறப்பவே கொறஞ்சிடுச்சு. அதான் மாசம் தாண்டியும் முத்தாத குட்டி" என்றார்.

"சினையில என்ன போட்டீங்க?"

"கோஸ் எலை."

"எவ்ளோ?"

"எங்கக்கா அனுப்பனது அத்தனையும்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதையே அளவில்லாமல் தின்றால் தைராய்டு சுரப்பு அமுங்கி இப்படி ஆகக்கூடுமாம். அள்ளிப் போட்டவள் நானும்தான்.

வேறு குட்டியை லால்பரி அப்படி நக்கிக்கொடுக்குமா அக்கா? புதைத்த இடத்தை விட்டு அது இன்னும் நகரவில்லை. வேண்டுமானால் வந்து ஓட்டிக்கொண்டு போ.

காத்தூன்

ஓசூர்
16.2.1983

காத்தூனுக்கு,

அந்த டாக்டரை நானே நேரில் கேட்பேன்.

சந்தையில், "ஏன் பாட்டி, எலை வேணாமா?" என்று கேட்டார்கள். இலைக் கடையைத் தாண்டி நடந்துவிட்டேன்.

லால்பரி அங்கேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அது நிற்கிற இடத்தைக் காட்டு.

இந்தக் கடிதத்தோடு வரும் மூட்டையில் லால்பரிக்குத் தீவனமாகக் காய்ந்த கேழ்வரகுத் தட்டு இருக்கிறது. டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடு. நான் அனுப்பியது என்பதற்காக அப்படியே போட்டுவிடாதே.

உன் அக்கா
ரோஷன் பீ