ஒட்டாத தங்கரேக்கு

1926 டிசம்பர் 7, செவ்வாய். தாமுவே, ரங்கூன்.

சலவைக்குப் போட இவருடைய கோட்டை எடுத்தேன். உள்பையில் நான் கொடுத்த தங்கரேக்குப் பொட்டலம் இருந்தது. பிரிக்கவே இல்லை.

சைட்டியோ மலையில் பக்தர்கள் தங்கரேக்கு ஒட்டிக் கும்பிடும் பாறையைப் பெண்கள் தொடக்கூடாது. அதனால்தான், போன வருஷம் எங்களை விட்டுப் போன மகள் மீனாவின் பெயரைச் சொல்லி ரேக்கை ஒட்டும்படி ஞாயிற்றுக்கிழமை இவரிடம் கொடுத்தேன். பெண்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குள் போனவர் சற்று நேரத்தில் என் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். நான் கும்பிட்டு அழுதேன்.

பொட்டலத்தை இவர் முன்னால் வைத்தேன்.

"எங்க ஆபீஸ் துரை அங்க கேமராவும் கையுமா நிக்கிறாரு, கமலா. அவரு முன்னாடி கல்லுக்குத் தங்கம் ஒட்டச் சொல்றியா? காலேஜ் படிச்சவ நீ."

"அப்ப எதுக்குக் கையைத் தூக்குனீங்க?"

"நீ பாத்துக்கிட்டே நின்னியே."

துரைக்குக் கூச்சப்பட்டதை என்றாவது மன்னித்துவிடுவேன். அந்தக் கையை எப்படி மறப்பது? ரயிலில் வேறு, "இப்ப நிம்மதிதானே?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் ஆமாம் என்றேன்.

இப்போது பொட்டலத்தைப் பிரித்தேன். எடுக்கப்போன ரேக்கு விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. மீனா என்று மெல்லச் சொன்னேன்.

சாப்பாடு போடக் கூப்பிடுகிறார். பரிமாற வேண்டுமானால் கையைக் கழுவ வேண்டும். இன்று அவரே போட்டுக்கொள்ளட்டும்.