தண்ணீரில் ஒட்டுகிறது, சோற்றில் ஒட்டவில்லை

என் வாயாடித் தம்பி அருணுக்கு,

நீ இருந்திருந்தால் இந்நேரம், "உன் கம்ப்யூட்டர் ஜெயிச்சுதா இல்லையா, அத மட்டும் சொல்லுக்கா" என்று கேட்டிருப்பாய். ஜெயிக்கவில்லைடா. கோபம் கோபமாக வருகிறது. யாரிடம் கொட்டுவது என்று தெரியாமல்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன்னைக் கொண்டுபோனது முந்தின நாள் சோறு. நீ தங்கியிருந்த ஹடப்சர் ஃப்ளாட்டில் சனிக்கிழமை குக்கரில் வைத்து, ஃப்ரிட்ஜில் வைக்காமல் மேடையிலேயே விட்டு, ஞாயிறு நீ மட்டும் எலுமிச்சை சாதமாகக் கிளறித் தின்ற சோறு. சூடு பண்ணினால் கிருமி செத்துவிடும், அது விட்டுப்போன நஞ்சு அசையாது. கல்லீரல் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதை அம்மா நம்பவே இல்லை. "சோறு தின்னு யாராச்சும் சாவாங்களாடி?" என்று நம் தாபோடி வீட்டில் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

லேபில் என் ஆராய்ச்சிக்கு அந்த நஞ்சைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதை மட்டும் பிடித்துக்கொள்ளும்படி மடங்குகிற குட்டி டிஎன்ஏ இழையைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கிறேன். ஆப்டமர் என்பார்கள். அது நஞ்சைப் பிடித்தால் காகிதப் பட்டையில் நிறம் மாறவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த நஞ்சு சின்னஞ்சிறியது, பிடிக்க இடமே தராது. போதாததற்கு, எப்போதும் ஒரு பொட்டாசியத்தைக் கட்டிக்கொண்டே திரியும். அதைச் சேர்க்காமல் கணக்குப் போட்டு மாதக்கணக்கில் வேலை பாழ்.

சேர்த்து மறுபடி போட்டேன். திரையில் அத்தனை அழகாக ஒட்டியது! சுத்தமான உப்புத் தண்ணீரிலும் ஒட்டியது. சோற்றைக் கரைத்து அதில் விட்டால் மட்டும், எதையும் பிடிக்காமல் சும்மா கிடக்கிறது. தண்ணீரில் வந்ததையே கட்டுரையாக எழுதி அனுப்பிவிடலாமாம், எங்கள் லேப் மேடம் இங்கிலீஷில் நயமாகச் சொல்கிறார். தண்ணீரைக் குடித்தா நீ செத்தாய்?

போன மாதம் உன் பைக்கை எடுக்க ஃப்ளாட்டுக்குப் போனேன். உன் ரூம்மேட் பிரபு, அந்தக் கோயம்புத்தூர்க்காரன், உபசாரமாகத் தட்டை நீட்டினான். எலுமிச்சை சாதம்!

"எப்ப வச்ச சோறு இது?"

"நேத்து வச்சதுங்க்கா. மோந்து பாத்தனுங்க, ஒரு வாசமும் வரலீங்க. நல்லா சூடு பண்ணியாச்சு."

உன் சாவுக்கு வந்து கதறி அழுதவன்டா அவன்! அப்படியே குப்பையில் கொட்டினேன். "இதுல இருக்குதுன்னு எப்படிங்க்கா தெரியும்?" என்று பாவமாகக் கேட்டான். எனக்குத் தெரியாது. இத்தனை படித்தும் அவனிடம் காட்ட ஒரு பட்டை இல்லை.

அதிலிருந்து மிச்சச் சோற்றைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறான். "இது சாப்பிடலாங்களாக்கா?" போட்டோவைப் பார்த்து என்னத்தைச் சொல்வது? ஒவ்வொரு தடவையும் "கொட்டிடு" என்றே எழுதுகிறேன். நேற்று, "எதைக் கேட்டாலும் கொட்டத்தான் சொல்றீங்க" என்று சலித்துக்கொண்டான். நியாயம்தானே? இனிமேல் கேட்காமலே தின்றுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

தண்ணீரில் வந்ததோடு முடித்துக்கொள்ள மாட்டேன், அருண். மேடம் என்ன சொன்னாலும் சரி, சோற்றிலேயே ஒட்டவைப்பேன். பட்டையைத் தோய்த்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் என் வாயால் அவனிடம் "சாப்பிடுடா" என்று சொல்வேன்.

நீ போனதில் இன்னும் ஆத்திரம் தீராத,
உன் அக்கா வித்யா